குளிர் உங்களுக்கு, தண்ணீர் எங்களுக்கா?

நான் கேட்பது ஒரு குழாய். மேல் வீட்டு ஏ.சி.யிலிருந்து தரைவரைக்கும் இறங்கி வர வேண்டிய ஒரு பிளாஸ்டிக் குழாய். என் வீட்டு ஏ.சி.க்குப் பின்னால், சுவர் ஓட்டை வழியாகச் சாய்ந்து வெளியேற வேண்டிய இன்னொரு முழக் குழாய். இந்த இரண்டாவது குழாய் ஒழுங்காக இருந்திருந்தால் என் மாமியார் இன்றைக்கும் தன் காலால் நடந்து வந்து சமையலறை வாசலில் நின்று, ‘ஏளா, ரசத்துக்குப் புளி கரைச்சிட்டியா?’ என்று கேட்டுக்கொண்டிருப்பார். எண்பது வயதைத் தாண்டியவர். இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, எழுந்து உட்காரவே இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டிய நிலையில் கட்டிலில் கிடக்கிறார். யாரைக் கேட்டாலும் ‘வயசாச்சு, வழுக்கி விழுந்துட்டாங்க’ என்கிறார்கள். வயசாகி விழவில்லை ஐயா. தண்ணீரில் கால் வைத்து விழுந்தார். செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்யாமல் போனதால் சுவர் வழியாக இறங்கி என் வீட்டு மொசைக் தரையில் தேங்கிய தண்ணீர் அது.

தில்லித் தமிழர்களுக்கு லக்ஷ்மிபாய் நகரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் கிடைக்கிற ஐ.என்.ஏ. மார்க்கெட் நடக்கிற தூரம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இங்கேயே இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் மத்திய அரசு ஊழியர்களுக்காக எழுந்த குடியிருப்பு இது. மின்விசிறியை நம்பிக் கட்டிய வீடுகள். மழைத் தண்ணீருக்குக் குழாய் உண்டு, குளியலறைத் தண்ணீருக்குக் குழாய் உண்டு. சுவரில் மாட்டுகிற பெட்டி ஒன்று வரும், அது இரவெல்லாம் தண்ணீர் விடும் என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க நியாயமில்லை. வீட்டைக் கட்டியவர்கள்மேல் எனக்குக் கோபமே கிடையாது. இன்றைக்கு அந்தப் பெட்டியை விற்கிறவர்கள், மாட்டுகிறவர்கள், மாட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குத் தெரியும். அது தண்ணீர் விடும் என்று நன்றாகவே தெரியும்.

எத்தனையோ கோடைகளைக் கூலரோடு கழித்த குடும்பம் எங்களுடையது. மே மாதக் காற்று வறண்டு கிடக்கும்போது கூலர் போதும். ஈரமான புல்தட்டி வழியாக வருகிற காற்று குளிர்ந்துதான் வரும். மழை இறங்கிக் காற்றே ஈரமாகிவிட்டால் அதே கூலர் புழுக்கத்தைத்தான் அள்ளி வீசும். 2024 மே 29 அன்று, எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவானது. ஒரு மாதம்கூட முழுசாக ஆகவில்லை, ஜூன் 28 காலையில் அதே நிலையம் 24 மணி நேரத்தில் 228.1 மில்லிமீட்டர் மழையைக் காட்டியது. முதலில் அனல், பிறகு வெள்ளம், பிறகு மூச்சு முட்டுகிற புழுக்கம். அந்த ஜூலை முழுவதும் அத்தை இரவில் கட்டிலில் உட்கார்ந்தே இருந்தார். படுத்தால் மூச்சு வாங்கியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் என் கணவர் ஜி.பி.எஃப்.பில் பணம் எடுத்து, அடுத்த சித்திரையில் அம்மாவின் அறைக்கு ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி. ஒன்று வாங்கினார். ஆடம்பரத்துக்கு வாங்கவில்லை. கிழவி மூச்சு விடட்டும் என்று வாங்கினார்.

‘மாட்டிக் கொடுப்பது இலவசம்’ என்று சொல்லித்தான் விற்றார்கள். வந்தபின் தாங்கிக்குத் தனிப் பணம், கூடுதல் செப்புக் குழாய்க்கு அடிக்கு இவ்வளவு, சுவரைத் துளைக்க இவ்வளவு, தண்ணீர்க் குழாய் நீளம் வேண்டுமானால் அதற்கும் அடிக்கணக்கு. கேட்டதையெல்லாம் கொடுத்தோம். இரண்டு பையன்கள் வந்தார்கள். வெயிலில் முகம் கன்றிப்போயிருந்தது. மோர் கொடுத்தேன், நின்றபடியே குடித்தார்கள். மத்தியானத்துக்குள் வேலையை முடித்து, குளிர்காற்று வருகிறதா என்று கையை நீட்டிப் பார்க்கச் சொல்லி, என் கணவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அடுத்த வீட்டில் இன்னொரு பெட்டி காத்திருந்தது.

சித்திரை, வைகாசியில் ஒரு குறையும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அந்த மாதங்களில் தில்லிக் காற்றில் ஈரம் குறைவு. ஏ.சி. ஓடினாலும் சொட்டுச் சொட்டாகத்தான் தண்ணீர் வரும். ஆனி கடைசியில் மழை பிடித்தது. ஆடியில் புழுக்கம் ஏறியது. அப்போதுதான் பெட்டியின் இடது மூலையிலிருந்து சுவரில் ஒரு கோடு இறங்க ஆரம்பித்தது. முதலில் வெறும் ஈரக் கோடு. துணியை வைத்துத் துடைத்தேன். பிறகு அந்த இடத்தில் சுண்ணாம்பு உப்பி ஓதம் ஏறியது. கீழே சுவிட்ச் போர்டு. அதன் ஓரத்திலும் ஈரம். மெயினை அணைத்துவிட்டு விற்றவர்களைக் கூப்பிட்டேன். புகார் எண் கொடுத்தார்கள். ஆள் வருவார் என்றார்கள். வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டால் வேறொரு குரல், வேறொரு எண். கடைசியில் ஒருவர் சொன்னார்: மெஷின் நன்றாகத்தான் இருக்கும் மேடம், தண்ணீர்க் குழாய் உங்கள் பொறுப்பு, மாட்டிய வேலைக்கான கெடுவும் முடிந்துவிட்டது.

கெடு முடிந்துவிட்டதாம்! வறண்ட மாதத்தில் மாட்டுகிறீர்கள். வறண்ட மாதத்திலேயே கெடுவை முடித்துக்கொள்கிறீர்கள். குறை தெரிகிற மாதம் வரும்போது நீங்கள் யாரோ, நாங்கள் யாரோ.

ஆவணியில் ஒரு இரவு அத்தை பாத்ரூமுக்கு எழுந்திருக்கிறார். விளக்கைப் போடவில்லை. அந்த அறையில் அவருக்கு இருட்டிலும் வழி தெரியும். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில், ஏ.சி.க்கு நேர் கீழே, தரையில் தண்ணீர் பரவிக் கிடந்திருக்கிறது. மொசைக் தரையில் தண்ணீர் கிடந்தால் பகலிலேயே கண்ணுக்குத் தெரியாது. அவர் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவர் கூப்பிட்ட சத்தம்தான் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் புடவை முழுக்க நனைந்து, ஒரு கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது. ‘தரையெல்லாம் தண்ணியாக் கெடக்குளா, நீ பாத்து வா’ என்றார். விழுந்து கிடக்கிறவர் என்னைப் பார்த்து வரச் சொன்னார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. மேலே அந்தப் பெட்டி பச்சை விளக்கோடு காற்று வீசிக்கொண்டே இருந்தது.

‘கொஞ்சம் தண்ணிதானே, அது ஒரு ஓரத்து விஷயம்’ என்கிறவர்களுக்கு ஒரு செய்தி சொல்கிறேன். 1902-இல் அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காகத்தான் இன்றைய ஏ.சி.யின் மூதாதையை வடிவமைத்தார். அச்சகத்துக்காரர்கள் குளிருக்காக அவரிடம் போகவில்லை. காற்றின் ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கியது, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துக் கொடு என்பதுதான் அவர்கள் கேட்டது. அதாவது தண்ணீரைப் பிரித்தெடுப்பதற்காகவே பிறந்த இயந்திரம் இது. அறைக் காற்று உள்ளே இருக்கிற குளிர்ந்த காயிலின்மேல் பட்டதும் அதிலுள்ள ஈரம் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். கீழே ஒரு தட்டு. அதில் விழுந்து குழாய் வழியாக வெளியே போக வேண்டும். தில்லியின் மழைக்காலத்தில் ஒன்றரை டன் பெட்டி மணிக்கு ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று கறக்கும். ஒரு இரவுக்கு ஒரு வாளி. ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு இரவும், ஒரு வாளித் தண்ணீர் எங்கேயோ போய் விழுந்தாக வேண்டும். அது எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்யாமல் பெட்டியை மட்டும் மாட்டிவிட்டுப் போவது அரை வேலை. அரை வேலைக்கு முழுக் கூலி வாங்கினார்கள்.

இந்த விவரமெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு தமிழ் மெக்கானிக். அத்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, தெரிந்தவர் மூலம் அவரைக் கூட்டி வந்தோம். மூடியைக் கழற்றினார். உள்ளே தட்டு விளிம்புவரை நிறைந்து நின்றது. தட்டின் ஓரமெல்லாம் கருப்பாகக் கொழகொழவென்று அழுக்கு. அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன ரசமட்டம் ஒன்றை எடுத்துப் பெட்டியின் தலையில் வைத்தார். குமிழ் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக ஓடியது. தண்ணீர் வெளியேற வேண்டிய துளை வலது பக்கம் இருக்க, பெட்டி இடது பக்கம் தாழ்ந்திருந்தது. ‘பாருங்கக்கா, வாட்டமே தப்பு’ என்றார்.

பிறகு சுவர் ஓட்டைக்கு வந்தார். அந்த ஓட்டை உள்ளே சற்று உயரமாகவும் வெளியே சற்றுத் தாழ்வாகவும் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நேர்மட்டமாகத் துளைத்திருந்தார்கள். செப்புக் குழாய், ஒயர், தண்ணீர் ஹோஸ் மூன்றையும் சேர்த்து டேப் சுற்றும்போது ஹோஸ்தான் எல்லாவற்றுக்கும் அடியில் வர வேண்டும். இங்கே செப்புக் குழாயின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. சுவரைத் தாண்டி வெளியே வந்த இடத்தில் ஹோஸ் ஒரு மேடு ஏறி, பிறகு இறங்கியது. டேப்பைப் பிரித்து அந்த மேட்டைக் காட்டினார். ‘தண்ணி எப்படிக்கா மேல ஏறும்? மோட்டாரா வச்சிருக்கு? தானா ஓடணும். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சாஞ்சாலே போதும், ஓடிரும். அதைக்கூடக் குடுக்கலை.’

மாட்டி முடித்ததும் தட்டில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, அது வெளியே வந்து விழுகிறதா என்று பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் முறையாம். சித்திரையில் காற்று தண்ணீர் தராவிட்டால் என்ன, என் வீட்டுச் செம்பு தந்திருக்கும். சமையலறைக் குழாயிலிருந்து நாலே எட்டு. ஊற்றிப் பார்த்திருந்தால் அன்றைக்கே, அந்த நிமிஷமே, குறை வெளியே வந்திருக்கும். பெட்டியோடு வந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஹோஸை மேலே தூக்காதே, நெளிய விடாதே, அதன் நுனியைத் தண்ணீரில் முக்காதே என்று படம் போட்டுப் பெருக்கல் குறி போட்டு அச்சடித்திருக்கிறார்கள். என் வீட்டுச் சுவரில் அந்தப் பெருக்கல் குறி போட்ட படம்தான் நிஜமாக மாட்டப்பட்டிருந்தது.

மெக்கானிக் இன்னொன்றும் சொன்னார். ஆபீஸ்களிலும் கல்யாண மண்டபங்களிலும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே படுக்கைவாட்டில் தொங்குகிற பெரிய பெட்டிகளில் இந்தத் தொல்லை இன்னும் மோசம். அவற்றில் பலவற்றில் ஃபேன், காயிலின் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கிறது. அந்த இழுப்பில் தண்ணீர்க் குழாய் வழியாகவும் வெளிக் காற்று ஏறி வந்து, இறங்க வேண்டிய தண்ணீரைத் தடுத்து நிறுத்திவிடும். அதற்காகத்தான் குழாயில் ‘யு’ வளைவு ஒன்று போட்டு, அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படி செய்ய வேண்டும். அந்த வளைவைப் போடாமல் விட்டால் தட்டு நிரம்பிக்கொண்டே போகும், ஃபேன் நின்ற நிமிஷம் மொத்தமும் சீலிங் வழியாகக் கொட்டும். ‘பைப்பு சின்ன விஷயம்னு நினைப்பாங்கக்கா. குளிர்ற சைடுக்கு இன்ஜினியர் வருவாரு. தண்ணி சைடுக்கு ஹெல்ப்பர்தான் வருவான்.’

அவர் மெட்ராசி கேம்ப் ஆள். ஜங்புராவில், பாராபுல்லா வடிகால் ஓரத்தில், தலைமுறைகளாகத் தமிழர்கள் இருந்த அந்தக் குடிசைப் பகுதியை 2025 ஜூன் 1 அன்று இடித்துத் தள்ளினார்கள். வடிகாலில் தண்ணீர் ஓட்டம் தடைபடுகிறது, மழைக்கு ஊர் மூழ்குகிறது என்பது காரணம். உயர்நீதிமன்ற உத்தரவு. 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள், அதுவும் நகரத்தின் வடகோடியில் நரேலாவில். இந்த மனிதர் அங்கிருந்து இத்தனை தூரம் வேலைக்கு வருகிறார். ஒரு ஏழையின் வீடு தண்ணீர்ப் போக்கில் நின்றால் இயந்திரம் கொண்டு வந்து இடிக்கத் தெரிகிறது இந்த ஊருக்கு. ஒரு மாடி வீட்டுக்காரரின் தண்ணீர் இன்னொருவர் வீட்டுச் சுவரை அரித்தால் மட்டும் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. இரண்டும் தண்ணீர்தானே?

என் வீட்டில் மாட்டிய அந்தப் பையன்களைப் பற்றிக் கேட்டேன். கோபத்தோடுதான் கேட்டேன். ‘அவங்களத் திட்டாதீங்கக்கா’ என்றார். பெட்டிக்கு இவ்வளவு என்றுதான் அவர்களுக்குக் கூலி. சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை முடிகிறதோ அத்தனைக்குத்தான் காசு. ரசமட்டம் வைத்துப் பார்க்கிற நேரத்துக்கும், செம்புத் தண்ணீர் ஊற்றிக் காத்திருக்கிற நேரத்துக்கும் யாரும் காசு தருவதில்லை. இடுப்பில் பெல்ட்கூட இல்லாமல் மூன்றாவது மாடி ஜன்னல் விளிம்பில் நின்று வெளிப்பெட்டியை மாட்டுகிறார்கள். என் கோபம் அங்கே கொஞ்சம் இடம் மாறியது, குறையவில்லை. அந்தப் பையன்களின் நேரத்தையும் திருடி, என் மாமியாரின் காலையும் முறித்து, நடுவில் ஒருவர் லாபம் பார்த்திருக்கிறார். பெயர் பலகை பளபளக்கிற கடையில் அவர் ஏ.சி. குளிரில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இது என் வீட்டுக்குள் நடந்தது. வெளியே நடப்பது இன்னொன்று.

எங்கள் பிளாக்கில் மேல் வீட்டு ஏ.சி.யின் ஹோஸ் ஒன்றரை அடி நீளத்தில் வெட்டி விடப்பட்டிருக்கிறது. நேராக எங்கள் ஜன்னலின் சன்ஷேட்மேல் சொட்டுகிறது. இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடிகிறவரை டொக், டொக், டொக். பகலில் அந்தச் சத்தம் யாருக்கும் கேட்காது. ஆபரேஷன் முடிந்து வலியில் தூங்க முடியாமல் படுத்திருக்கிறவருக்கு அது ஒவ்வொன்றும் கேட்கும். சன்ஷேட்டில் பாசி பிடித்துவிட்டது. அதற்குக் கீழே சுவரில் உப்புப் பூத்து, சிமென்ட் பூச்சு தட்டுத் தட்டாகப் பெயர்கிறது. ஒரு இடத்தில் உள்ளே கம்பி துருப்பிடித்துத் தெரிகிறது. வாசல் நடையில் தண்ணீர் தேங்கி வழுக்குகிறது. காலையில் புத்தகப் பையோடு பள்ளிக்கு ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்து ‘பாத்துப் போங்கப்பா’ என்று கத்துவதே என் வேலையாகிவிட்டது.

மேலே போய்ச் சொன்னோம். என் கணவர் கை கூப்பித்தான் பேசினார். ‘பானி ஹீ தோ ஹை, பாய் சாஹப்’ என்றார் மேல் வீட்டுக்காரர். தண்ணீர்தானே! சாக்கடைத் தண்ணீரா, சுத்தமான தண்ணீர், ஏன் இத்தனை கோபம் என்றும் கேட்டார். அவ்வளவு சுத்தமான தண்ணீர் என்றால் உங்கள் பால்கனியிலேயே ஒரு வாளி வைத்துப் பிடித்துச் செடிக்கு ஊற்றுங்களேன். துபாயில் புர்ஜ் கலீஃபா கோபுரத்தில் ஏ.சி. தண்ணீரையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துச் செடிகளுக்கு விடுகிறார்கள், வருஷத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி காலன். பாலைவனத்துக்காரர்களுக்கு அந்தத் தண்ணீரின் அருமை தெரிந்திருக்கிறது. கோடையில் டேங்கர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடுகிற தில்லியில் அதை அடுத்தவர் தலையில் விடுகிறோம். தரைவரை குழாய் இறக்க ஆகிற செலவில் பாதியை நாங்களே தருகிறோம் என்றும் சொல்லிப் பார்த்தோம். பார்க்கலாம் என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஊரில், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில், ஒரு வீட்டுக் கூரைத் தண்ணீர் அடுத்தவர் மனையில் விழுந்தால் பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். கூரையை வெட்டு, அல்லது ஓடு மாற்று, அல்லது தகரத்தில் தொட்டி போட்டு உன் மனைப் பக்கம் திருப்பிக்கொள் என்று தீர்த்துவிடுவார்கள். மழை ஆண்டவன் கொடுப்பது. அந்தத் தண்ணீருக்கே நீ பொறுப்பு என்று சொன்ன ஊர்ச்சனம் நாம். இங்கே மின்சாரம் போட்டு, பணம் கட்டி, தானே காற்றிலிருந்து பிழிந்தெடுக்கிற தண்ணீருக்கு ஒருவர் பொறுப்பில்லை என்கிறார்.

போன மாதம் கொசு ஆய்வுக்கு வந்த ஒருவர் எங்கள் வாசல் நடையில் தேங்கிய தண்ணீரில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எங்கள் பெயரில் நோட்டீஸ் எழுதினார். மேலே கையைக் காட்டினேன். சொட்டுவதையும் காட்டினேன். தண்ணீர் உங்கள் இடத்தில்தானே நிற்கிறது என்றார். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று எனக்கும் தெரியும். 2015-இல் இந்த நகரத்தில் 15,000 பேருக்குமேல் டெங்கு வந்ததை மறக்கவில்லை. அதற்காகத்தான் காலையும் மாலையும் துடைப்பத்தால் தள்ளி விடுகிறேன். இராத்திரி மறுபடி நிறைகிறது. குளிர் அனுபவிப்பது ஒருவர், தண்ணீர் சுமப்பது ஒருவர், நோட்டீஸ் வாங்குவதும் அந்தச் சுமக்கிறவர். எந்த ஊர் நியாயம் இது?

அரசாங்கத்துக்கு ஏ.சி.யைப் பற்றிக் கவலை இல்லாமல் இல்லை. 2020 ஜனவரி முதல் புதுப் பெட்டிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால், 20-க்குக் கீழே போகாதபடி இயந்திரங்களையே கட்டுப்படுத்தப் போகிறோம் என்று அறிவித்தார். பெட்டியின் முகத்தில் எத்தனை நட்சத்திரம், வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று ஒட்டியிருக்கிறார்கள். நல்லது. மின்சாரத்துக்குக் கணக்கு வந்துவிட்டது. தண்ணீருக்கு? இந்திய தர நிர்ணயத்தில் ஸ்பிளிட் ஏ.சி.க்கென்று ஐ.எஸ். 1391 இருக்கிறது. அதில் ஈரக் காற்றில் பெட்டியை ஓட்டி, தண்ணீர் வெளியே சொட்டுகிறதா என்று பார்க்கிற சோதனையும் உண்டு. சோதனைச்சாலையில் தேறிய பெட்டிதான் என் வீட்டுக்கும் வந்தது. தேறிய பெட்டியைக் கோணலாக மாட்டினால் அந்தச் சான்றிதழை வைத்து நான் என்ன செய்வது? சோதனைச்சாலையின் சமமான மேஜைமேல் யாரும் குடியிருக்கவில்லை. இந்தச் சுவருக்குக் கீழேதான் மனிதர்கள் படுத்திருக்கிறார்கள்.

தண்ணீர் விஷயம் இப்படியென்றால் பெட்டி விஷயம் இதைவிடக் கொடுமை. 2024 ஆகஸ்ட் 17 அன்று கரோல் பாகில், ஸ்கூட்டரில் உட்கார்ந்து நண்பனோடு பேசிக்கொண்டிருந்த 18 வயதுப் பையன்மேல் மாடியிலிருந்து ஏ.சி.யின் வெளிப்பெட்டி விழுந்தது. பையன் இறந்துவிட்டான். நாடே அந்தக் காட்சியைப் பார்த்துப் பதறியது. பதறிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனது. எங்கள் வாசலில் நின்று மேலே பாருங்கள். எத்தனை வெளிப்பெட்டிகள் துருப்பிடித்த தாங்கிகளில் உட்கார்ந்திருக்கின்றன! அந்தத் தாங்கிகளின்மேல் எந்தத் தண்ணீர் சொட்டிச் சொட்டித் துருப்பிடித்தது என்று நினைக்கிறீர்கள்?

சென்னையில் என் தங்கை இருக்கிற அடுக்ககத்திலும் இதே சண்டைதான் என்கிறாள். அங்கே மூன்று நான்கு மாதம் அல்ல, வருஷம் முழுக்க ஈரக் காற்று. அங்கே எத்தனை கீழ் வீட்டுக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு சுவரைச் சுரண்டிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்களோ. அண்டை வீட்டாரோடு பகை வேண்டாம் என்று பொறுத்துப் போகிறோம். பொறுத்தோம் என்பதையே சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் பொறுப்பதாக இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பதிந்தேன். பிறகு விற்றவர்கள்மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்தோம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமும் இல்லை. என் கணவர் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதினார். ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்டிருக்கிறோம். அதோடு இன்னொன்றையும் கேட்டிருக்கிறோம்: மாட்டி முடித்தபின் வாங்குகிற கையெழுத்துத் தாளில் ‘தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், வெளியேறியது’ என்று ஒரு வரி இருக்க வேண்டும், அந்த வேலைக்கு மாட்டுகிறவருக்குத் தனிக் கூலி தர வேண்டும், குழாயைத் தரைவரை இறக்காமல் எந்த மாடியிலும் பெட்டியை மாட்டக் கூடாது. இது ஆணையத்தின் அதிகாரத்துக்குள் வருமா என்று ஒரு நண்பர் சந்தேகப்பட்டார். வந்தாலும் வராவிட்டாலும் எழுதுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

எதிர்த்தரப்பின் பதில் வந்துவிட்டது. வீட்டின் அமைப்பு சரியில்லை, வயதானவரைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அத்தைக்கு அதை நான் படித்துக் காட்டவில்லை. என் கணவர் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

மெக்கானிக் புது ஹோஸ் போட்டு, பெட்டியைச் சரித்து மாட்டி, ஒரு செம்பு ஊற்றிக் காட்டிவிட்டுப் பழையதைக் குப்பையில் போடப் போனார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். டேப் சுற்றியபடியே, அந்த மேடு விழுந்த இடம் நெளிந்தபடியே அலமாரியில் இருக்கிறது. விசாரணைத் தேதி அடுத்த மாதம். அன்றைக்கு அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போகப் போகிறேன். அவர்கள் தரப்பில் யார் வந்து நிற்கிறாரோ அவர் முன்னாலேயே அதில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி, எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்வேன்.